பாதி வேகத்தில் ஓர் இறுதி ஊர்வலம்

"டேப் ஒரு நிமிஷம்தான் சார் இருக்கு."

"நியூஸ்ல ரெண்டு நிமிஷம் ஓடணும். இழுய்யா!"

டைரக்டர் இழுக்கச் சொன்னது செத்துப்போன டி.வி. முதலாளியை. வீட்டுக் கதவு திறந்து, நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்கும் வண்டி வரை வருகிறார்கள். அதற்குள் கேமராக்காரரின் பேட்டரியும் முதலாளி வழியே போய்விட்டது.

ஸ்லோமோ, படங்களை மாற்றி மாற்றி ஒளிபரப்பும் சுவிட்ச்சர் முன்னால் உட்கார்ந்தான். பந்தாட்டக் காட்சிகளை மெதுவாக ஓட்டி ஓட்டிக் கிடைத்த பெயர். அவன் வேலை நிரந்தரமாகிற வேகத்தைப் பார்த்து வைத்தது என்பாரும் உண்டு. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று ஏழு வருஷம் சொல்லிவிட்டு முதலாளி போய்ச் சேர்ந்தார். இனி கையெழுத்து அவர் மனைவியுடையது. இன்று மட்டும் சொதப்பாமலிருந்தால் அந்தம்மா போட்டுவிடுவார்.

டேப் ஓடவேண்டிய வேகத்தைச் சுவிட்ச்சரிலேயே பதிந்து வைக்கலாம். பொத்தானைத் தட்டினால் டேப் மிஷின் அப்படியே கேட்கும். பாதி வேகம் வைத்தான். ஊர்வலத்துக்கு ஒரு கம்பீரம் வந்தது. கூடவே, பெட்டிக்குப் பின்னால் நடந்த சின்ன முதலாளிக்குக் கொட்டாவியும் வந்தது. சாதாரண வேகத்தில் துக்கம் தொண்டையை அடைத்தது போலிருந்த இடம், இப்போது உள்நாக்கு வரை தெரிந்தது.

"ஐயோ, அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிடுய்யா!"

ஓட்டிவிட்டான். பெட்டியும் ஓடியது.

"என்னய்யா, திருடிட்டு ஓடற மாதிரி இருக்கு?"

"கொட்டாவியா, ஓட்டமா? நீங்களே சொல்லுங்க சார்."

கடைசியில் ஸ்லோமோவுக்கே ஒரு யோசனை தோன்றியது. கால் வேகத்துக்கும் கீழே இறக்கினான். கொட்டாவி வந்து சேருவதற்குள் செய்தியே முடிந்துவிடும். அதை இரண்டாம் பொத்தானில் பதிந்தான்.

ஒளிபரப்பு தொடங்கியது. பழகிய விரல் முதல் பொத்தானைத் தட்டியது. அதில் இருந்தது கோல் விழுந்தால் போடுகிற கணக்கு: முன்னால் ஓடு, பின்னால் ஓடு, மறுபடி மெதுவாக முன்னால் ஓடு.

பெட்டி விறுவிறுவென்று கேட் வரை போனது. எதையோ மறந்துவிட்டாற்போல நின்றது. பிறகு பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனது. சின்ன முதலாளி கொட்டாவியை விழுங்கினார். கதவு சாத்திக்கொண்டது.

"ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றார் செய்தி வாசிப்பவர்.

நிறுத்தினால் முதலாளி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுவார். ஸ்லோமோ நிறுத்தவில்லை. கதவு மறுபடி திறந்தது. பெட்டி நிதானமாக வெளியே வந்தது, முழுக் கொட்டாவியோடு.

சின்ன முதலாளி கண்ட்ரோல் ரூமுக்குள் பாய்ந்தார். "எவன்டா எங்கப்பாவை வெச்சு விளையாடினது?"

"இவன்தான் சார்." டைரக்டரின் விரல் மட்டும் எந்தப் பொத்தானும் தட்டாமலே சரியான வேகத்தில் நீண்டது.

டெலிபோன் அடித்தது. எடுத்த டைரக்டர் வெளிறிப்போனார். "அம்மா பேசறாங்க சார்."

சின்ன முதலாளி ஸ்பீக்கரைத் தட்டினார். "அழாதேம்மா. அவனை இப்பவே வேலையைவிட்டுத் துரத்தறேன்."

"நீ சும்மா இருடா. தம்பி, அந்த மனுஷன் திரும்பி உள்ள வந்தப்போ எனக்கு உயிரே போயிடுச்சுப்பா. மறுபடி வெளிய அனுப்பி வெச்சியே, அதுக்கே உன் வேலைய நிரந்தரமாக்கிட்டேன்."