சீட்டுக்கு அடியில ஆறு டின்

போன ஞாயித்துக்கிழம எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. ஆறு டின் பீரைக் குடிச்சுப் பாத்துட்டு, எப்படி இருக்குதுன்னு எழுதணும்.

இதெல்லாம் ஒரு வேலையான்னு கேப்பீங்க. என் நெலமையில இது பெரிய வேலை.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். கள்ளக்குறிச்சியில பைக்குக்கு சீட் கவர் தெக்கிற கடை வெச்சிருக்கேன். கடைய சாத்தினப்புறம் பன்னீர் சோடா, நன்னாரி சர்பத்து, கரும்புச்சாறுன்னு எதையாவது குடிச்சுட்டு இந்தப் பேஜ்ல எழுதுவேன். குடிய விட்டவனுக்கு வாய் சும்மா இருக்காது. அதுக்குன்னே ஆரம்பிச்ச பேஜ் இது.

குடிய எப்படி விட்டேன்னா, கயிறு கட்டிக்கினேன். எங்க பக்கம் அது வழக்கம். சாமி முன்னாடி நிக்க வெச்சு, இத்தினி மாசம் தொட மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கினு, பூசாரி கையில கயிறு கட்டுவாரு. நான் ஒரு வருசத்துக்குக் கட்டிக்கினேன். பதினோரு மாசம் ஓடிடுச்சு.

அதுக்கு முன்னாடி என் சம்சாரம் மஞ்சுளா கோவிச்சுக்கினு தியாகதுருகத்துல அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டா. கயித்தப் பாத்த பிறகுதான் திரும்பி வந்தா. வந்தன்னைக்கே சொல்லிட்டா:

"ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சுது, நான் சண்டை எல்லாம் போட மாட்டேன். பைய எடுத்துக்கினு பஸ் ஏறிடுவேன்."

அவ சத்தம் போட்டா பயமில்லீங்க. மெதுவா பேசினாதான் பயம். அன்னைக்கு ரொம்ப மெதுவாதான் சொன்னா.

இந்த நெலமையில கடைக்கு ஒரு கூரியர் வந்துச்சு. பெங்களூர்ல ரெண்டு பசங்க சின்னதா ஒரு பீர் கம்பெனி நடத்தறாங்களாம். போதை இல்லாத பீரு. ஆல்கஹால் சுத்தமா கெடையாது. அதுவும் எங்க கல்வராயன் மலை சாமையில செஞ்சது. "நீங்க குடிச்சுட்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்க அண்ணா"ன்னு ஒரு துண்டுப் பேப்பர் வெச்சிருந்தாங்க.

பேஜ் ஆரம்பிச்சதுலேர்ந்து என்னை மதிச்சு ஒருத்தன் அனுப்பினது இதுதான் மொதல் தடவ. எனக்குத் தலைகால் புரியல.

சட்டப்படி பாத்தா இதுவும் சோடாவும் ஒண்ணு. ஆனா டின்னப் பாத்தா பீர் டின்னேதான். இதை மஞ்சுளாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கடையில தனியா நின்னு மூணு தடவ பேசிப் பாத்தேன்.

"மஞ்சு, இது பீரு, ஆனா பீரு இல்ல."

மூணு தடவையும் நானே நம்பல.

நேரா சொல்லிட்டு அடி வாங்கியிருக்கலாம். ஆனா எனக்கு மூளை கொஞ்சம் ஜாஸ்தி. மலை மேல போயிடலாம், சாமைக் கொல்லை ஓரமா உக்காந்து ஒவ்வொண்ணா குடிச்சுட்டு, போட்டோ எடுத்துக்கினு எறங்கிடலாம்னு முடிவு பண்ணேன். மஞ்சுளாகிட்ட, "சங்கராபுரத்துல ஒரு பார்ட்டிக்கு சீட்டு மாட்டணும்"னு சொல்லிட்டேன்.

பையில போட்டா மலைப் பக்கம் செக்கிங். மேலேர்ந்து கள்ளச்சாராயம் எறங்குதான்னு பாக்கறதுக்கு. அப்பதான் எனக்குத் தொழில் புத்தி வேலை செஞ்சுது.

என் பைக் சீட்டைக் கழட்டினேன். கவரை உரிச்சு, ஃபோம்ல அளவா ஆறு குழி வெட்டினேன். பக்கத்து ஜூஸ் கடை ஃபிரிட்ஜ்ல ஜில்லுனு இருந்த டின்னுங்கள ஒவ்வொண்ணா படுக்க வெச்சு, மேல மெல்லிசா ஒரு ஃபோம் போட்டு, கவரை இழுத்து பின் அடிச்சேன். எனக்கு அடியில மூணு, பின்னாடி மூணு. பதினெட்டு வருச தொழில்ல இவ்ளோ நேர்த்தியா ஒரு சீட்டு நான் தெச்சதில்ல. ஃபோம் சூட்டை உள்ள விடாது, ஜில்லுனே இருக்கும்னு வேற கணக்கு.

மேல உக்காரப் போறது நானு, எண்பத்தேழு கிலோ. அதைக் கணக்குல சேக்கல.

கச்சிராயபாளையம் வரைக்கும் அடியில ஜில்லுனு சொகமா இருந்துச்சு. அதைத் தாண்டினதும் கம்மியாச்சு. வெயில் வேற. மலை அடிவாரத்துல செக்போஸ்ட்டு. அதுக்கு முன்னாடி வரிசையா மூணு ஸ்பீடு பிரேக்கர்.

மொதல் ஸ்பீடு பிரேக்கர்ல ஒண்ணும் ஆவல.

ரெண்டாவதுல எனக்கு அடியில ‘டப்’புன்னு ஒரு சத்தம்.

மூணாவதுல இன்னொரு ‘டப்’பு.

‘புஸ்ஸ்’ஸுனு பீச்சிக்கினு அடிக்குது. பேண்ட்டு முன்னும் பின்னும் தொப்பலா நனைஞ்சு, சைலன்சர் மேல சொட்டி, நொரை நொரையா பொங்குது. வண்டி சரியா போலீஸ்கார் கால்கிட்ட போயி நின்னுடுச்சு. நிறுத்துன்னு அவரு கையே காட்டல.

கொஞ்ச நேரம் என் பேண்ட்டையே பாத்துக்கினு இருந்தாரு. நல்ல மனுசன், மொதல்ல ஒடம்புக்குத்தான் கேட்டாரு.

"இன்னாப்பா, முடியலயா? தண்ணி வேணுமா?"

அப்புறம் அவரு மூக்குக்கு வாசனை போயிருக்குது.

"எறங்கு."

எறங்கினேன். அவரு சீட்டைத் தட்டிப் பாத்தாரு. டங்குனுச்சு.

"உள்ள இன்னா?"

"பீரு சார். ஆனா பீரு இல்ல சார்."

கடையில பேசிப் பாத்ததுதான் அப்படியே வந்துச்சு.

சீட்டைப் பிரிக்கச் சொன்னாரு. நான் அடிச்ச பின்ன நானே புடுங்கினேன். நசுங்கினது ரெண்டு, முழுசா நாலு. அவரு நாலையும் பாத்துட்டு, மலையைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"நான் இங்க வந்து நாலு வருசம் ஆவுது. மேலேர்ந்து கீழ கொண்டாரவனதான் புடிச்சிருக்கேன். கீழேர்ந்து மேல கொண்டு போறவன் நீதான்யா மொதல் ஆளு."

"சார், இதுல போதையே கெடையாது. டின்னுலயே எழுதியிருக்குது பாருங்க."

"லாரி பின்னாடி ‘மெதுவா போ’ன்னுகூட எழுதியிருக்குது. எவன் போறான்? ஊது."

ஊதினேன். ஜீரோ.

அவருக்கு நம்பிக்கை வரல. மறுபடி ஊதச் சொன்னாரு. ஜீரோ. கடைசியா அவரே ஒரு தடவ ஊதிப் பாத்தாரு. ஜீரோ.

"எனக்கும் ஜீரோ, உனக்கும் ஜீரோவா? அப்ப மிசினுதான் ரிப்பேரு"ன்னு முடிவு பண்ணிட்டாரு.

பக்கத்துல பஸ்ஸுக்காக மலைக்கார அம்மா ஒருத்தங்க மூட்டையோட உக்காந்துக்கினு இருந்தாங்க. எழுந்து வந்து ஒரு டின்னைக் கையில எடுத்தாங்க.

"இன்னாப்பா இது, எங்க சாமைக்கதிரு படத்த டின்னு மேல போட்டு வெச்சிருக்கான்?"

"உங்க மலை சாமையில செஞ்சதுதாம்மா."

"சாமையிலயா? சோறாக்கத் தெரியாதா அவனுக்கு?"

போதை இல்லன்னு நான் சொன்னதும், எங்க யாருகிட்டயும் கேக்காம டின்ன ஒடச்சு ஒரு வாய் குடிச்சாங்க. போலீஸ்காரும் நானும் அவங்க மூஞ்சியவே பாத்துக்கினு நின்னோம்.

"கஞ்சி புளிச்சிப் போச்சு. அதை எதுக்கு இவ்ளோ தூரம் கொண்டு போயி புளிக்க வெக்கணும்?"

சொல்லிட்டு மிச்சத்தையும் குடிச்சு முடிச்சாங்க.

அந்நேரம் பாத்து போலீஸ்கார் கண்ணு என் மணிக்கட்டு மேல போச்சு.

"கயிறா? குடிய விட்டதுக்கா?"

"ஆமா சார். இன்னும் ஒரு மாசந்தான் பாக்கி."

"கயிறு கட்டினவன் விசயத்துல நான் முடிவு பண்ண முடியாது. வூட்ல கேட்டாதான் தெரியும். நம்பர் சொல்லு."

எனக்கு உசிரே போயிடுச்சுங்க. "சார், என்னை உள்ள தள்ளுங்க, வண்டிய வெச்சுக்கோங்க, அவளுக்கு மட்டும் போன் போடாதீங்க"ன்னு கெஞ்சினேன். ஒண்ணுமில்லாதவன் இப்படிக் கெஞ்ச மாட்டானேன்னு அவருக்கு சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சு. ஸ்பீக்கர்ல போட்டாரு.

"அம்மா, மலை அடிவாரம் செக்போஸ்ட்லேர்ந்து பேசறேன். உங்க வூட்டுக்காரரு இங்க இருக்காரு."

"எங்க வூட்டுக்காரரு சங்கராபுரம் போயிருக்காரு சார்."

நான் கண்ண மூடிக்கினேன். அவரு எல்லாத்தையும் சொன்னாரு. சீட்டு, டின்னு, மிசினு, நனைஞ்ச பேண்ட்டு, ஒண்ணு விடல.

"வரேன் சார்"ன்னா. மெதுவா சொன்னா.

ஒரு மணி நேரம் கழிச்சு பஸ்ஸ விட்டு எறங்கினா. கையில பெரிய துணிப்பை, உப்பிக்கினு இருந்துச்சு. தியாகதுருகம் கெளம்பிட்டா, அதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவ பாத்துட்டுப் போக வந்திருக்கான்னு நெனச்சேன். பதினோரு மாசம் வாயக் கட்டி, ஒண்ணும் குடிக்காம, இப்படி முடியுதேன்னு கையில இருந்த கயித்தத் தடவிக்கினு நின்னேன்.

அவ என்கிட்ட பேசல. நேரா வந்து என் வாய்கிட்ட மோந்து பாத்தா. பேண்ட்டை மோந்து பாத்தா. ஒரு டின்னைக் கையில எடுத்தா.

"குடிச்சுப் பாக்கலாமா சார்?"

போலீஸ்கார் தொப்பியச் சரி பண்ணிக்கினாரு. "உங்க இஷ்டம்மா"ன்னாரு.

ரெண்டு மொடக்கு குடிச்சா. மூஞ்சியச் சுளிச்சா.

"இது பீரே இல்ல சார்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எட்டு வருசம் இவரு பக்கத்துல படுத்திருக்கேன் சார். மூச்சக் காட்டினா எந்தக் கடையில வாங்கினதுன்னே சொல்லுவேன். இது அது இல்ல."

அதுக்கு மேல அவரு மிசினை எடுக்கவே இல்ல. ஒரு நோட்டை நீட்டி, எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. அவ எழுதினா: ‘என் கணவர் குடிக்கவில்லை. நான் பொறுப்பு.’

எதிர்ல நின்னு அதைத் தலைகீழாவே படிச்சேன். என்னைப் பத்தி இப்படி ஒரு வரி இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லீங்க. செக்போஸ்ட்ல நின்னு அழுதுட்டேன். பேண்ட்டும் நனைஞ்சு, கண்ணும் நனைஞ்சு, பாக்க நல்லா இல்லன்னு எனக்கே தெரியும்.

அப்புறந்தான் அந்தப் பைய என்கிட்ட நீட்டினா. உள்ள என் பேண்ட்டு ஒண்ணு, துண்டு ஒண்ணு.

"தியாகதுருகம் போகலயா?"

"நனைஞ்ச பேண்ட்டோட நிக்கறாருன்னு அவரு போன்லயே சொன்னாரு இல்ல. போங்க, அந்த மறைவுல மாத்திக்கினு வாங்க."

திரும்பி வரும்போது சீட்டுக்கு ஃபோமே இல்ல, ஊறிப் போச்சுன்னு கழட்டிப் போட்டுட்டேன். ரெண்டு பேரும் தகரத்து மேல உக்காந்துக்கினு வந்தோம். மிச்சம் இருந்த ரெண்டு டின்னையும் மடியிலேயே வெச்சிருந்தா. ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேனேன்னு கேட்டேன்.

"கயிறு அவுக்கட்டும்."

"அதுல ஒண்ணும் இல்லன்னு நீதானே எழுதிக் குடுத்த?"

"குடிக்கலன்னுதான் எழுதிக் குடுத்தேன். பொய் சொல்லலன்னு எழுதிக் குடுக்கல. அந்த சங்கராபுரம் பார்ட்டி யாரு?"

கள்ளக்குறிச்சி வர்ற வரைக்கும் ரோட்டையே பாத்து வண்டி ஓட்டினேன்.

அதனால பெங்களூரு தம்பிங்களா, உள்ளது உள்ளபடி: நான் ஒரு சொட்டும் குடிக்கல. மலைக்கார அம்மா புளிச்ச கஞ்சின்னாங்க, ஆனா மிச்சம் வெக்கல. என் சம்சாரம் பீரே இல்லன்னா, அதுதான் எங்க குடும்பத்தைக் காப்பாத்துச்சு.

பன்னெண்டு வருசம் மொடாக்குடி குடிச்சேன், ஒரு போலீஸ்கார்கூட என்னைப் புடிச்சதில்லீங்க.