ஏழாவது கட்டத்தில் கொலைகாரன்

அந்தக் கிளை நூலகத்தில் பெருங்குற்றம் ஒன்று நெடுநாளாக நடந்துவருகிறது என்ற விவரம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குத் தெரியவந்தது. தெரியப்படுத்தியவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு மூன்று மர்ம நாவல் படிப்பவர். யார் மீதும் ஒரு புகார் சொல்லி அறியாதவர். அவர் எழுதியது நன்றிக் கடிதம்.

"இந்த நூலகத்தில் எனக்குக் கிடைத்த நல்ல புத்தகங்கள் எல்லாமே நூலகரம்மாவின் சிபாரிசால் கிடைத்தவை. சிபாரிசு மட்டும் இல்லையென்றால் நான் வெறுங்கையோடுதான் வீடு திரும்பியிருப்பேன்" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். தலைமை அலுவலகத்தில் கடிதம் போடுவதற்கு இரண்டே தட்டுகள். ஒன்று சுற்றறிக்கைக்கு, மற்றது புகாருக்கு. நன்றி சொல்லி யாரும் எழுதிப் பழக்கமில்லாததால் அதற்கென்று தட்டு வாங்கவில்லை. வாத்தியாரின் கடிதம் சுற்றறிக்கை இல்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் உதவி இயக்குநர் விசாரணைக்கு வந்து இறங்கினார். கதவருகே ஒரு மேஜை. அதன்மேல் ஏழெட்டு மர்ம நாவல்கள். பக்கத்தில் நூலகரம்மா தன் கையாலேயே எழுதி நிறுத்தியிருந்த அட்டை: 'இன்றைய சிபாரிசு'. செய்கிற குற்றத்தை இத்தனை பகிரங்கமாக, அதுவும் எழுத்துப் பிழையில்லாமல், யாரும் எழுதி வைத்து அவர் தமது இருபத்தாறு வருட சேவையில் பார்த்ததில்லை.

"சிபாரிசு பண்றது உண்டாம்மா?"

"உண்டு சார். தினமும்."

"தினமுமா?"

"சனிக்கிழமை கொஞ்சம் கூடுதலா இருக்கும். கூட்டம் ஜாஸ்தி."

"யார் யாருக்கு?"

"யார் கேட்டாலும் பண்ணுவேன் சார். சில பேர் கேக்கக் கூச்சப்படுவாங்க. அவங்களுக்கு மூஞ்சியைப் பாத்தே பண்ணிடுவேன்."

உதவி இயக்குநரின் பேனா நின்றது. "பதிலுக்கு என்ன வாங்கிக்கறீங்க?"

"திருப்பித் தர வர்றப்போ, 'கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியலம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அது போதும் சார்."

'கடைசி வரை கண்டுபிடிக்க முடியாதபடி செய்து வந்திருக்கிறார்' என்று அவர் குறித்துக்கொண்டார்.

இது அந்தச் சிபாரிசு இல்லை, புத்தகச் சிபாரிசு என்று புரியவைக்க முக்கால் மணி நேரமும் இரண்டு டீயும் ஆயின. புரிந்தபின் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"புரியுதும்மா. ஆனா விசாரணையைத் தொடங்கிட்டேனே. குற்றமே நடக்கலைன்னு முடிக்க எங்ககிட்ட படிவம் கிடையாது. ரெண்டே வழி. ஒண்ணு, உங்களைப் பழைய பதிவேட்டு அறைக்கு மாத்தணும். இல்லேன்னா நீங்க பண்றதை முறைப்படுத்தணும்."

பழைய பதிவேட்டு அறை மட்டும் நூலகரம்மாவுக்கு ஆகவே ஆகாது. இருட்டோ தூசியோ அவருக்குப் பெரிதில்லை. அங்கே வாசகர் யாரும் வரமாட்டார்கள். நல்ல புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் இருந்தாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும். மீதமிருக்கும் ஒன்பது வருட சேவையையும் அந்தத் தலைவலியோடு கழிக்க அவரால் முடியாது.

"முறைப்படுத்திடுங்க சார்" என்றார்.

'நூல் பரிந்துரை ஒழுங்குமுறை விதிகள்' பதினைந்து நாளில் வந்து சேர்ந்தன. இனிமேல் எந்தப் புத்தகத்தையும் வாயால் பரிந்துரைக்கக் கூடாது. பதினொரு கட்டங்கள் கொண்ட படிவத்தைப் பூர்த்தி செய்து, தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் முத்திரை பெற்று, புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பரிந்துரையில் ஒளிவுமறைவு அறவே கூடாது என்பதால் ஐந்தாவது கட்டத்தில் கொலையுண்டவர், ஆறில் கொலைக்கான காரணம், ஏழில் கொலைகாரர் பெயர்.

நூலகரம்மா பதறிப்போய் உதவி இயக்குநருக்குப் போன் போட்டார்.

"சார், ஏழாவது கட்டத்தை மட்டும் எடுத்துடுங்க. மர்ம நாவல்ல மறைக்கறதுதான் சார் விஷயமே."

"பொதுமக்கள்கிட்ட உண்மையை மறைக்கச் சொல்றீங்களா?"

"கடைசிப் பக்கத்துல அவங்களே தெரிஞ்சுக்குவாங்க சார்."

"அதையேதான் நானும் கேக்கறேன். கொலைகாரன் யாருன்னு எழுதினவருக்கு முதல் நாளே தெரியுமில்ல? தெரிஞ்சும் முந்நூறு பக்கம் இழுத்தடிச்சிருக்கார். மக்களை இப்படி அலைய விடலாமா? எங்க ஆபீஸ்ல யாராவது அப்படிப் பண்ணினா விட்டு வைப்போமா?"

நூலகரம்மா போனை வைத்தார். மூன்று நாள் படிவத்தைத் தொடவில்லை. நாலாம் நாள் காலையில் உட்கார்ந்து, ஒரு பங்களாவில் நடக்கும் கொலையைப் பற்றிய நாவலை எடுத்தார். அதில் கொலை செய்தவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஏழாவது கட்டத்தில் 'மைத்துனர்' என்று எழுதினார். அவர் தன் வாழ்நாளில் அரசாங்கத்துக்குச் சொன்ன முதல் பொய் அது. மனசு குளிர்ந்தது. அப்படியே பரிந்துரைக்க எடுத்து வைத்திருந்த நாற்பது புத்தகங்களுக்கும் ஆளை மாற்றிப் போட்டார். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வந்தது.

முதலில் கணக்கு வாத்தியார்தான் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டார். "என்னம்மா அநியாயம் இது! கண்ணை மூடறதுக்குள்ள ஏழாவது கட்டத்தைப் படிச்சுட்டேனே!" என்று புலம்பிக்கொண்டே பங்களா நாவலை எடுத்துப் போனார். இரண்டாம் நாள் காலையில் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, மைத்துனர் இல்லையே!"

"மெதுவா பேசுங்க சார்" என்றார் நூலகரம்மா. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அத்தோடு விஷயம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த நூலகத்துக்கு ஒரு வாசகர் வட்டமும் இருந்தது. கணக்கு வாத்தியாரையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். தலைவர் பல் டாக்டர். அந்தச் சமயத்தில், படித்த புத்தகத்தைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது ஊரெல்லாம் பரவியிருந்தது. பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை, மேலே ஒரு மூக்குக் கண்ணாடி, கீழே 'இந்த வாரம் நான் முடித்தது, அவசியம் படியுங்கள்' என்று ஒரு வரி. முன்பெல்லாம் இதற்குப் புத்தகத்தைக் கொஞ்சமாவது புரட்ட வேண்டியிருந்தது. படிவம் வந்தபின் அலமாரி அருகே நின்றபடியே வேலை முடிந்தது. பல் டாக்டர் ஒரே மாதத்தில் முப்பத்தெட்டு நாவல்களை முடித்தார். மற்றவர்களும் சளைக்கவில்லை.

மாதக் கூட்டத்தில் பல் டாக்டர் பங்களா நாவலைப் பரிந்துரைத்துப் பேசினார். "மைத்துனர்தான் கொலைகாரர்னு தெரிஞ்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"மைத்துனர் ரெண்டாவது அத்தியாயத்துலயே செத்துப்போயிடறாரே!" என்றார் கணக்கு வாத்தியார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். மைத்துனர் செய்ததைத் தாமும் படித்ததாகச் சொன்னார்கள். தையல்கடைக்காரம்மா, மைத்துனரின் கண்ணிலேயே கள்ளத்தனம் தெரிந்தது என்றார். "வாத்தியார் வேகமா படிக்கறவர். அங்கங்க விட்டுப் போயிருக்கும்" என்று ஒருவர் சமாதானம் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னதில் இருபத்திரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வாத்தியார் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. வாத்தியார் விடாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். இந்தத் தடவை புகாரேதான்.

உதவி இயக்குநர் மறுபடி வந்து வாசகர் வட்டத்தைக் கூட்டினார். வாத்தியாரை எல்லாருமாகச் சேர்ந்து பொய்யராக்குவதை நூலகரம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்றார். பதிவேட்டு அறை கண்முன் வந்தது. வந்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

"நான்தான் சார் வேணும்னே தப்பா எழுதினேன். மைத்துனர் இல்ல. கடிகாரக்காரர்தான் பண்ணினார்."

உதவி இயக்குநர் படிவத்தையும் புத்தகத்தையும் அருகருகே வைத்தார்.

"படிவத்துல எத்தனை கையெழுத்து இருக்கும்மா?"

"பதினொண்ணு சார்."

"புத்தகத்துல?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ எதை நம்பறது? ஒப்புதல் ஆன படிவம் தப்பா இருக்க முடியாது. கடைசி வரைக்கும் படிச்சவங்க கை தூக்குங்க பாக்கலாம்."

விசாரணையில் மாட்டிக்கொள்ள மற்றவர்களுக்குத் துணிவில்லை; வாத்தியார் கையும் நூலகரம்மா கையும் மட்டும் எழுந்தன.

"ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை எப்படிம்மா உண்மைன்னு எழுதறது?"

ஆணை பிறந்தது. படிவத்துக்கு முரணாக உள்ள பக்கங்கள் எல்லாப் புத்தகங்களிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். நூலகரம்மா ஒப்புக்கொண்ட தவறைப் பதிவு செய்யப் படிவத்தில் கட்டமில்லாததால் அவர் மேல் நடவடிக்கை இல்லை. அவர் இடத்திலேயே நீடிக்கலாம். நாற்பது நாவல்களின் கடைசி அத்தியாயங்களை அவரே கத்தரித்துக் கட்டுக் கட்டி அனுப்பினார். வாசகர் கருத்துப் பதிவேட்டில் அந்த மாதம் முழுக்க ஒரே வாசகம்: 'முடிவு அருமை.'

இதைப் பார்த்துப் பூரித்துப்போன தலைமை அலுவலகம் மற்ற பதினேழு கிளைகளுக்கும் படிவம் தயாரிக்கும் பொறுப்பை நூலகரம்மாவிடமே ஒப்படைத்தது. பாராட்டுக் கடிதமும் வந்தது. அடுப்படியில் நாவலோடு நிற்கும் காலை நேரத்திலும் படிவம், பகலில் நூலகத்திலும் படிவம்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?" என்று ஒருநாள் அவர் வீட்டுக்காரர் கேட்டார். "அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே."

"படிச்சாத்தானே பொங்கும்" என்றார் நூலகரம்மா. அடுத்த படிவத்தை எடுத்தார்.

ஒரு வியாழக்கிழமை கணக்கு வாத்தியார் வந்தார். அந்த ஆணைக்குப் பிறகு வாசகர் வட்டம் அவரை நீக்கியிருந்தது; அதன்பின் முதல் தடவையாக வருகிறார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"ஏதாவது நல்லதா ஒண்ணு சொல்லும்மா."

நூலகரம்மா எழுதுவதை நிறுத்தாமல் இடது கையால் அடுக்கின் மேலிருந்த புதுப் புத்தகத்தை நகர்த்தினார். "இதைப் படிங்க சார். முடிவு அருமை."

வாத்தியார் புரட்டிப் பார்த்தார். அச்சகத்தில் வெட்டாமல் விட்ட ஓரங்களோடு கடைசிப் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன; யாரும் பிரித்துப் படித்ததில்லை. புத்தகத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நூலகரம்மா தலை குனிந்துகொண்டார்.

"யாரும்மா கொலைகாரன்?" என்று வாத்தியார் மெல்லக் கேட்டார்.

"ஏழாவது கட்டம் இன்னும் காலியாத்தான் சார் இருக்கு. நீங்களே சொல்லுங்க, யாரைப் போடட்டும்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு யோசித்தார்.

"பல் டாக்டரைப் போடும்மா" என்றார்.

போட்டார்.