சிரிக்கும் மனை

தரகரின் விரலில் நூல் தொங்கியது. நூலின் நுனியில் பித்தளைக் குண்டு ஆடியது. அதைச் சுற்றி நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம்.

நிலத்தின் எதிர்காலத்தைக் குண்டு சொல்லிவிடுமாம். வட்டமடித்தால் விலை ஏறும்; அசையாமல் நின்றால் குடும்பம் அழியும். ஒரு வங்கி மேலாளர், இரண்டு பொறியாளர்கள், மூடநம்பிக்கையைச் சாடிக் கட்டுரைகள் எழுதிய நான். படித்த கூட்டம்தான். தரகர் முள்கம்பி வேலியைத் தூக்கிப் பிடிக்க, அதனடியில் தவழ்ந்து உள்ளே வந்திருந்தோம். முழங்காலில் மண், முகத்தில் பக்தி.

மூலை மனையில் குண்டு அசையவில்லை.

"ஐயோ, பிண மனை சார்! மிதிக்காதீங்க!"

பொறியாளர்கள் துள்ளி விலகினார்கள். நான் அவர்களுக்கு முன்பே விலகியிருந்தேன். அடுத்த மனையில் குண்டு சுழன்றது.

"இது சிரிக்குது சார்! மேலாளர் சார் நேத்தே ஒரு மனைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டார். இது உங்களுக்குத்தான்."

பணப்பை என்னுடன் வந்திருந்த மனைவியிடம் இருந்தது. வருடக்கணக்கில் தையல் மிஷினை மிதித்து அவள் சேர்த்தது. எங்களிடம் வேறு சேமிப்பு இல்லை. கை நீட்டினேன்.

"இருங்க," என்றவள் தரகரிடம் திரும்பினாள். "அண்ணே, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு தடவை பிடிங்களேன்."

"தாராளமா, தங்கச்சி. குண்டுக்குக் கண்ணு எதுக்கு?"

அவர் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, இப்படியும் அப்படியும் நடத்தி ஓரிடத்தில் நிறுத்தினாள். குண்டு வெறிபிடித்துச் சுழன்றது.

"ராஜ மனை!" என்றார் தரகர்.

கட்டை அவிழ்த்தாள். அவர் காலடியில் இருந்தது பிண மனை.

"கைக்குட்டை பூமியின் காந்த சக்தியைத் தடுத்திருக்கும்..." என்று ஒரு குரல் கேட்டது. வெட்கக்கேடு, என் குரல்தான்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சரி அண்ணே, இந்த இடத்துக்கு வழி எங்க?"

"இப்ப வந்தீங்களே!"

"வேலிக்கடியில தவழ்ந்துல்ல வந்தோம்? செங்கல் லாரியும் தவழ்ந்துதான் வருமா?"

அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். நாலு பக்கமும் அடுத்தவர் நிலம். வழியில்லாத நிலத்தை விற்க வேண்டுமானால், வாங்குபவனைக் குனிந்தபடியே வைத்திருக்க வேண்டும். குண்டின் வேலை அவ்வளவுதான்.

தரகர் வேலிக்கடியில் பாய்ந்தார். சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலாளர் நிதானமாகக் குனிந்து, அவர் பையிலிருந்து தன் அட்வான்ஸை எடுத்துக்கொண்டார்.

நிலம் வாங்கப் போகிறவர்களே, தரகரிடம் வழியைக் கேளுங்கள், பத்திரத்தைக் கேளுங்கள், தண்ணீரைக் கேளுங்கள். ராசியைக் கேட்டால் அவர் ராசிதான் ஏறும். அன்று அங்கே, வேலியில்லாமல் யாரும் நுழையக்கூடிய காலி மனை ஒன்றே ஒன்றுதான். அது என் கழுத்துக்கு மேல் இருந்தது.