லண்டன் நாடகத்துக்காக மாமா செத்த கதை

நான் ஆங்கிலம் கற்றது கொலைகாரர்களிடம்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் பரீட்சை மண்டபத்தோடு போய்விட்டது. மிச்சத்தைச் சொல்லித்தந்தவை பிரித்தானியத் தொலைக்காட்சியின் துப்பறியும் நாடகங்கள். ஓயாமல் மழை பெய்யும் ஒரு கிராமம், நீளக் கோட்டுப் போட்ட ஒரு துப்பறிவாளர், நிமிடத்துக்கு நிமிடம் தேநீர், இரண்டு தேநீருக்கு நடுவே ஒரு பிணம். ஆரையம்பதியில் ரியூசன் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போனில் இவற்றைத்தான் பார்த்தேன். அதனால் நஞ்சு, உயில், பிரேதப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். கால் கிலோ பச்சை மிளகாய் வாங்குவதென்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட என்னைத்தான், லண்டனில் இருந்து நாடகம் எடுக்க வந்தவர்கள் மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கதை. இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வரும் ஒரு சீமாட்டி, மட்டக்களப்பு வாவியில் (எங்கள் வாயில் அது ஆறு) மிதக்கும் ஒரு குமாஸ்தாவின் பிணத்தைக் கண்டு துப்பறியத் தொடங்குகிறாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

திரையில் அத்தனை கொலைகளைச் செய்கிறவர்கள் நேரில் எவ்வளவு சாதுவான மனிதர்கள் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இயக்குநர் ஹெலன், மூக்கு நுனி வெயிலில் சிவந்துபோன சின்ன உருவம். யாராவது தன் காலை மிதித்தாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஒரு தடவை தோணி கட்டும் கம்பில் முட்டிக்கொண்டு, கம்பிடமும் கேட்டார். கதையை எழுதிய பீற்றர் என்ற வயதானவர், குடைக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, எழுதியதையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருப்பார்.

இவர்களிடம் எனக்கு ஒரேயொரு சிக்கல்தான். ஹெலன் ஒவ்வொரு தடவையும் "லவ்லி" என்பார். நானும் மகிழ்ச்சியாகத் திரும்பி எங்கள் ஆட்களிடம், "அருமையாம், போகட்டாம்" என்பேன். அவர்கள் தோணியைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். லவ்லி என்றால் "சரிவரவில்லை, மறுபடி எடுக்கலாம்" என்று அர்த்தம் என எனக்கு விளங்குவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. (நாடகத்தில் யாரும் இப்படிப் பேசவில்லையே!)

அடுத்து பிணத்துக்கு ஆபத்து வந்தது. லண்டனில் இருந்து பெட்டியில் வந்த ரப்பர் பிணம் அது. ஒத்திகையில் நனைந்ததை விடுதி முற்றத்தில் காயப்போட்டிருந்தார்கள். ஊர் நாய்கள் அதன் ஒரு கையை இழுத்துக்கொண்டு போய்விட்டன. மிச்சத்தைப் பார்த்து ஹெலன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். தண்ணீரில் மல்லாந்து மிதக்கக்கூடிய, நடுத்தர வயது ஆண் ஒருவர் உடனே வேண்டும் என்றார்கள்.

"எனக்கு ஒரு மாமா இருக்கிறார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகத் தெளிவான ஆங்கில வாக்கியம் அதுதான்.

சின்ன மாமா என் அம்மாவின் தம்பி. ஆற்றில் இறங்கினால் பலகை மாதிரி மிதப்பார். அந்தத் தகுதியை மட்டும் பார்த்தேனே தவிர, பஸ் நிலையத்தில் எந்த பஸ் எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவர் தொழில் என்பதையும், வேலை முடிந்த பிறகும் அந்த வாய் ஓயாது என்பதையும் யோசிக்கவில்லை.

"என்ன வேசம் புள்ள? வசனம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. நீங்க செத்த ஆள்."

"எப்ப சாகுற? நடுவிலயா, கடைசியிலயா?"

"கதை தொடங்கக்குள்ளயே செத்துட்டீங்க."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்ப படம் முழுக்க எண்ட கதைதானே!"

ஒளிபரப்பாகும்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது கம்பனியின் கட்டளை. "மாமிக்கும் சொல்லப்படா" என்று நான் பிள்ளையார்மேல் சத்தியம் வாங்கினேன். பிறந்ததில் இருந்து ஒரு விஷயத்தையும் வயிற்றில் வைத்திராத மாமா, அந்த ஒரு தடவை மட்டும் வைத்திருந்தார். களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டு விடியவே வந்துவிட்டார்.

ஒப்பனைக்காரப் பெண் அவரைப் பிணமாக்கினாள். உதட்டில் நீலம், கண்ணுக்குக் கீழே சாம்பல், நெற்றியில் ஒரு காயம். வெள்ளைக் கோட்டும் வேட்டியுமாக மாமா கண்ணாடியில் பார்த்து, "உசிரோட இருக்கக்குள்ள இவ்வளவு வடிவா இருந்ததில்ல" என்றார்.

மாமா மிதந்தார். காலனித்துவப் பொலிஸ் உடுப்புப் போட்ட எங்கள் ஊர் ஆட்கள் இருவர் தோணியில் வந்து பிணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கரையில் நிற்கும் சீமாட்டி தொப்பியைக் கழற்ற வேண்டும். இவ்வளவுதான் காட்சி.

"லவ்லி" என்றார் ஹெலன். "மூச்சு மட்டும் ஒரு துளி குறைவாக இருந்தால்..."

"மாமா, மூச்சைக் கொஞ்சம் குறைக்கட்டாம்!"

"எவ்வளவு குறைக்க மகள்? நான் உண்மையாச் செத்துருவனே!"

அடுத்த தடவை பிணம் தும்மியது. அதற்கு அடுத்த தடவை எல்லாம் ஒழுங்காகப் போனது. சீமாட்டி தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த நேரம் தோணியில் இருந்த பொலிஸ்காரர் பிணத்தின்மேல் குனிந்து, "அண்ணன், அந்த விடியக்காலைக் கல்முனை பஸ் இப்பயும் ஓடுதா?" என்று மெதுவாகக் கேட்டார். பிணம் கண்ணைத் திறக்காமலே, "அத நிப்பாட்டியாச்சு தம்பி" என்றது.

மத்தியானம் ஆகிவிட்டது. ஹெலன் அன்று சொன்ன லவ்லிகளைக் கோர்த்தால் ஒரு மாலை கட்டலாம். என் வேலை போகப்போகிறது என்று எனக்குப் பயம். தண்ணீரில் இறங்கி மாமாவின் காதுக்குள் சொன்னேன்: "மாமா, கட் எண்டு சொல்லுமட்டும் வானமே இடிஞ்சு விழுந்தாலும் அசையப்படா. விளங்குதா?"

"விளங்குது" என்றார், ரோஷத்தோடு.

நான் கரையேறினேன். அக்ஷன் என்றார்கள். ஆறு அப்படியே கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தோணி சத்தமில்லாமல் வந்தது. மாமா உண்மையாகவே செத்துக் கிடந்தார். ஹெலன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கண்டல் மரங்களுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்ணின் ஓலம் வந்தது.

நடந்தது இதுதான். காவலுக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எங்கள் தெரு ஓட்டோக்காரர் தவம் அண்ணன் நின்றிருக்கிறார். முந்தின தடவை எடுத்தபோது, தூரத்தில் ஏதோ மிதக்கிறதே என்று போனில் பெரிதாக்கிப் படம் எடுத்திருக்கிறார். பார்த்தால் நீல உதட்டோடு எங்கள் மாமா. படம் எடுக்கிறார்கள் என்பது தெரியும். மாமா நடிப்பார் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. படப்பிடிப்புக்கு நடுவே உண்மையாகவே ஒருவர் செத்துவிட்டார் என்று நினைத்து, ஒரே ஓட்டமாக மாமியிடம் போய்விட்டார்.

மாமி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தா. தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு, செருப்பில்லாமல், நேரே தண்ணீருக்குள் இறங்கினா.

அந்த முகத்தைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் ஊரில் ஆற்றில் ஆள் மிதப்பது நாடகத்தில் மட்டும் நடந்த விஷயம் அல்ல. மாமியின் அண்ணனை, நான் பிறக்கும் முன்பு, இதே ஆற்றில்தான் கண்டெடுத்தார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எத்தனையோ பிணங்களைத் தேநீரும் பிஸ்கட்டுமாகப் பார்த்துப் பழகிய எனக்கு, மாமாவை மிதக்கவிட்டபோது அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"யார் அந்த அம்மா?" என்று ஹெலன் கிசுகிசுத்தார். கொழும்பில் இருந்து அனுப்பிய துணை நடிகை என்று நினைத்துவிட்டார். "அற்புதம்! நிறுத்தாதீர்கள்!"

நிறுத்தச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். படித்த ஆங்கிலம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது நாடகத்து ஆங்கிலம்: "தெரிவிக்க வருந்துகிறேன், அம்மையாரே. இங்கே ஒரு கொலை நடந்துவிட்டது."

"ஆமாம்," என்றார் ஹெலன், கமெராவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்."

அதற்குமேல் மொழிபெயர்க்காமல் நானும் தண்ணீருக்குள் பாய்ந்தேன்.

மாமி இடுப்பளவு தண்ணீரில் மாமாவின் தலையை நெஞ்சோடு தாங்கிக்கொண்டு கத்தினா. "எண்ட ராசா! கோயிலுக்கெண்டு போட்டு ஆத்துல கிடக்கிறீங்களே! ஒருத்தரோட ஒரு சண்டைக்குப் போகாத மனுசன்! எண்ட சமையல ஒரு நாள் குறை சொல்லாத மனுசன்!" (இரண்டும் பொய். இரண்டையும் மாமா ஒரு நாளும் தவறவிட்டதில்லை.)

மாமா அசையவில்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாராம். மனைவி வாயால் தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அன்றுதான் கேட்கிறார், அதனால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று கிடந்ததாகப் பிற்பாடு என்னிடம் மட்டும் ஒத்துக்கொண்டார். ஆனால் மாமியின் கண்ணீர் கன்னத்தில் சொட்டியதும் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அழாத புள்ள. இன்னும் கட் சொல்லல்ல."

மாமியின் அழுகை நடுவில் அறுந்தது. ஆறு, தோணி, பொலிஸ், சீமாட்டி எல்லாம் அப்படியே நின்றன. அடுத்ததாக மாமி விட்ட அறையின் சத்தத்தில் கண்டல் மரத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

அறைந்த கையாலேயே மாமாவை இழுத்து அணைத்துக்கொண்டா. அவர் நெஞ்சைத் தடவினா, மூக்கில் கைவைத்து மூச்சைப் பார்த்தா, மறுபடி ஒன்று அறைந்தா. "உசிர் இருக்கு, உசிர் இருக்கு" என்று எனக்குக் காட்டிக்காட்டிச் சிரித்தா. சிரிப்போ அழுகையோ என்று பிரிக்க முடியாத ஒன்று. நான் கரைக்குத் திரும்பினேன். அப்படியே சேற்றில் குந்திவிட்டேன். அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

விஷயம் விளங்கியதும் ஹெலன் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் வந்தார். மாமியின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அழுதார்.

மாமி என்னைப் பார்த்து, "இவ ஏன்கா அழுறா? இவட புருசனும் ஆத்துக்குள்ளயா?" என்றா.

எடுத்ததை எல்லாம் அழித்துவிடுகிறோம் என்றார் ஹெலன். நான் சொன்னதும் மாமி நிமிர்ந்தா. "அழிக்கிறதா? என்னத்துக்கு? முதல்ல காட்டச் சொல்லு."

குடைக்குக் கீழே, பீற்றரின் கதிரையில், ஈரச் சேலையோடு இருந்து மாமி சின்னத் திரையில் தன்னைப் பார்த்தா. முடிந்ததும் மாமாவின் பக்கம் திரும்பி, "நீங்க செத்தா நான் இப்பிடியா அழுவன்?" என்றா.

"நல்லாத்தான் அழுற" என்றார் மாமா, கன்னத்தைத் தடவியபடி.

மாமி ஈரத் தலைப்பைப் பிழிந்தா. "இந்தச் சீலை சரியில்ல மகள். வீட்ட போய் நல்லதொண்டு உடுத்திட்டு வாறன், மறுகா எடுப்பமாம் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். ஹெலன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டு, முதல் தடவையாக லவ்லி என்ற சொல்லை அதன் சொந்த அர்த்தத்தில் சொன்னார். இதைவிட நன்றாக இனி எடுக்க முடியாது, மாமி சம்மதித்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார். மாமி சம்மதித்தா. பீற்றர் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார். அடுத்த நாள் பார்த்தால் கதையில் செத்த குமாஸ்தாவுக்கு ஒரு மனைவி இருந்தாள், கொலைகாரனும் மாறியிருந்தான்.

நாங்கள் வீடு திரும்பியபோது தெருவில் மரண வீட்டு வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. வாடகைக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நீல உதட்டோடு ஓட்டோவில் இருந்து இறங்கிய மாமாவைப் பார்த்து, கதிரை சுமந்தவர் கதிரைகளைப் போட்டுவிட்டு ஓடினார். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று அம்மா அண்டாவை ஏற்றினா. செத்தவர் பந்தியில் முதல் ஆளாக இருந்து இரண்டு தடவை சோறு வாங்கினார்.

நாடகம் ஒளிபரப்பானபோது லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் போன் எடுத்து மாமியைப் பாராட்டினார்கள். மாமி அறைந்ததை மட்டும் வெட்டிவிட்டார்கள் என்பதில் மாமாவுக்கு ஆறுதல். தன் முகத்தைவிட மாமியின் முகம் அதிக நேரம் வருகிறது என்பதில் இன்றுவரை மனக்குறை.

ஆனால் ஒரு காரியத்தை எங்களால் இன்னும் சரிசெய்ய முடியவில்லை. அன்று மத்தியானம் கனடாவில் இருக்கும் ஒரு மச்சான் அவசரப்பட்டு, மாமாவின் கலியாணப் படத்தைப் போட்டு, இணையத்தில் கண்ணீர் அஞ்சலி ஒன்று பதிந்துவிட்டான். கடவுச்சொல் மறந்துபோனதால் அவனால் அதை அழிக்க முடியவில்லை. வருடா வருடம் அது யாரோ ஒருவரின் கண்ணில் பட்டு மேலே வரும். புதிது புதிதாக அனுதாபங்கள் சேரும். மாமா பின்னேரத் தேநீரோடு இருந்து ஒவ்வொருவருக்கும் தானே நன்றி எழுதுவார்.

போன வருடம் பழைய கண்டக்டர் நண்பர் ஒருவர், "நம்பவே முடியல்ல. எப்படி நடந்தது?" என்று கேட்டிருந்தார்.

கீழே மாமாவின் பதில் கிடந்தது: "நல்லா நடந்தது. மறுகா எடுக்கச் சொல்லல்ல."