மருதாயி ஆறும் சுங்கை மாஸ்டரும்

மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஓடும் ஆறுகளுக்கு வாய் இருந்திருந்தால், சுங்கை மாஸ்டரைத்தான் தங்கள் வக்கீலாக வைத்துக்கொண்டிருக்கும். வாய் இல்லாததால் அவற்றின் பேச்சையும் சேர்த்து அவரே பேசினார். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஆபீஸ் மூடும்வரை பேசினார்.

'சுங்கை' என்றால் மலாயில் ஆறு. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஈப்போவில் எங்கள் அளவை ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர். எலும்பும் தோலுமான உடம்பு, நூல் போட்டுக் கட்டிய மூக்குக்கண்ணாடி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகும் மேசையை மாற்றவில்லை, மசிப்புட்டியை மாற்றவில்லை, குரலையும் தணிக்கவில்லை. நான் அதே அறையில் டைப் அடிக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் பேசப் பேச நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன்.

புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி, வட்டாரத்து ஆறுகளுக்கெல்லாம் மலாயில் ஒரு கையேடு வேண்டும் என்றார். பெயர், பிறக்குமிடம், சேருமிடம், போய்ச் சேர விசாரிக்கும் வழி. பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதினால் ஒரு வாரத்து வேலை. மாஸ்டர் ஒப்பவில்லை.

"வரைபடத்தில கிடக்கிறது வெள்ளைக்காரன்ட காதில விழுந்த பேர் தம்பி. ஆற்றின்ட பேர் ஆற்றங்கரையிலதான் கிடக்கும்."

சைக்கிளுக்கு டியூப் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பரைக் கயிறு போலச் சுற்றிக்கொண்டு, தடதடவென்று அரை மைலுக்குக் கேட்கும்படி கிளம்புவார். ஒரு பெயருக்கு மூன்று சாட்சி வேண்டும்: அந்த ஆற்றில் குளிக்கிறவர், துவைக்கிறவர், மீன் பிடிக்கிறவர். ஒருநாள் நான் ஏதோ ஒன்றைச் 'சிறிய ஆறு' என்று அடித்துவிட்டேன். தாளை உருவி எடுத்தார்.

"சின்னன் என்டு ஆர் சொன்னது? நீர் அதுக்குள்ள விழுந்து பாத்தனீரோ?"

இப்படியே ஒரு மாதத்தில் ஏழு ஆறுகள் முடிந்தன. எட்டாவதற்கு என்னையும் கூட்டிப்போனார். சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பர் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுவது. அக்கரை மலாய்க்காரர்கள் அதைச் சுங்கை பிசாங் என்றார்கள். இக்கரையில் மரவள்ளிக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டோம்.

"மருதாயி ஆறு" என்றாள்.

"ஆர் அந்த மருதாயி?"

"நாந்தாங்க."

மாஸ்டர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "பிள்ளை, உயிரோட இருக்கிற ஆளின்ட பேரை ஆற்றுக்கு எழுதக்கூடாது. அது முறையில்லை."

"அப்ப நான் செத்துட்டு வந்து சொல்லவா?"

மாஸ்டர் காதிலிருந்த பென்சிலைத் திரும்ப எடுத்தார். பிறகு அவளே கதையைச் சொன்னாள். தோட்டத்துப் பெரிய கிராணி ஒருநாள் அவள் புருஷனைக் காலால் உதைத்திருக்கிறான். இவள் அவன் தொப்பியைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருக்கிறாள். தொப்பி மிதந்து போனதைப் பார்க்கத் தொழிலாளர் குடியிருந்த லயமே கூடிவிட்டதாம். அன்றிலிருந்து அது மருதாயி ஆறு.

"இப்ப அவர சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் புடிச்சுட்டுப் போயிட்டானுங்க. எங்க லயத்துல மட்டும் பதினோரு ஆம்பளைங்க. தோட்டத்துப் பேரு இங்கிலீசுல இருக்கு, அவங்க வாயில நுழையாது. திரும்பி வந்தா மருதாயி ஆறு எங்கன்னுதான்லா கேப்பாங்க. எழுதிக்குங்க சார்."

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் அதிகாரி எங்கள் அறைக்குள் வந்து அந்த ஆற்றுக்கான பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். அந்த ஆற்றுக்கு அவர் 'ஹிகாரி காவா' என்று பெயர் வைத்திருக்கிறாராம். அவர்கள் பாஷையில் ஹிகாரி என்றால் ஒளி, காவா என்றால் ஆறு. "நாமா பாரு!" என்று மேசையைத் தட்டினார். புதுப் பெயர் என்பதற்கு மலாய் அது.

மாஸ்டர் தமிழில் சொன்னார்: "பாத்தன். பிடிக்கேல்லை."

என்ன சொன்னார் என்று அதிகாரிக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கன்னத்தில் விழுந்த அறையில் கண்ணாடி என் டைப் மெஷின் மேல் வந்து விழுந்தது. மாஸ்டர் அதை எடுத்து, நூலை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, மலாயில் அமைதியாகச் சொன்னார்: "பெயர் உங்களுடையது. விசாரிக்கும் வழி என்னுடையது."

அன்று பிற்பகல் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'ஹிகாரி காவா. இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கரையில் ஒருவருக்கும் தெரியாது. சுங்கை பிசாங் என்றோ மருதாயி ஆறு என்றோ கேட்கவும்.'

"ஐயா, வேணாம்லா. தலையை எடுத்துருவான்."

"என்ட தலைதானே? நீர் பிழையில்லாமல் அடியும்."

அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு நேராக ஆற்றுக்கே போனார். கரையில் மருதாயி துணி அலசிக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப்போய், "ஹிகாரி காவா மானா?" என்று கேட்டார். எங்கே என்பதற்கு மலாயில் 'மானா'.

மருதாயிக்குக் காதில் விழுந்தது 'காவா' ஒன்றுதான். தோட்டத்தில் சாக்கடைக்கு அதுதானே பேச்சு! நிமிராமலே கையைப் பின்பக்கம் காட்டினாள்.

"காவாவா? லயத்துக்குப் பின்னால, கக்கூஸ் பக்கத்துல ஓடுது. மூக்கப் புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் சொன்னது என்னவென்று அதிகாரி கேட்டார். நான் ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மாஸ்டர் முந்திக்கொண்டார். கக்கூஸையும் விடாமல், மூக்கையும் விடாமல், சொல்லுக்குச் சொல் மலாயில் பெயர்த்துக் கொடுத்தார்.

ஆபீஸ் வாசலில் இறங்கியதும் தண்டனை. தண்ணீர் நிறைந்த வாளியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். மாஸ்டர் நின்றார். சாலையில் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, போதும் என்று உத்தரவு வந்தது. ஓடிப்போய் வாளியை வாங்கினேன். அவர் கைகள் கீழே இறங்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினேன்.

உள்ளே போனால், என் மேசையில் அந்தப் பக்கம் கிடந்தது. ஹிகாரி காவாவும் அதற்கு அடுத்த வரியும் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. மற்ற இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. சாக்கடைப் பெயரோடு தன் கையெழுத்து சேர்வதை அந்த மனுஷன் விரும்பவில்லை போலிருக்கிறது. கையேடு அப்படியே அச்சாயிற்று.

சண்டை முடிந்து சயாமிலிருந்து அந்த லயத்துக்குத் திரும்பியவர்கள் நான்கு பேர்தான். மருதாயியின் புருஷன் அதில் இல்லை. வந்தவர்களில் ஒருவர், ஈப்போ ஸ்டேஷனில் இறங்கி மருதாயி ஆற்றுக்கு வழி கேட்டதாகவும், ஒரு போலீஸ்காரர் கையேட்டைப் புரட்டி வழி சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அதைச் சொன்னபோது மாஸ்டர், "எந்தப் பக்கத்தில கிடந்தது என்டு கேட்டனீரோ?" என்றார்.

ஊருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் அவர் புறப்பட்டார். வழியனுப்பப் பினாங்குவரை போனேன். துறைமுகத்தில் நின்று, கடலுக்குப் பெயர் வைத்தவர்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. கை கொடுத்தார். வாளி பிடித்த அதே கை. கப்பல்காரன் இரண்டு தரம் கூப்பிட்டும் நான் விடவில்லை.