மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே

"அண்ணாத்தே, நில்லு! தண்ணியக் கலக்குற தேவதூதன் எங்கே?"

நசரத்பேட்டைக் கோயிலில் ஞாயிறு ஆராதனை நடுவில் இப்படி ஒரு குரல் எழுந்தது. வாசிப்பு மேசை முன் நின்றிருந்த அய்யாசாமி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எழுந்து நின்றவர் வண்டிக்காரத் துலுக்கானம். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகக் கோயிலில் காதில் விழுந்த வேதம் அத்தனையும் அவர் மண்டைக்குள் வரிசை கலையாமல் இருந்தது.

"எந்தத் தூதன்?" என்றார் அய்யாசாமி.

"குளத்துல எறங்கி தண்ணியக் கலக்குவானே, அவன்! அப்பாலிக்கா மொதல்ல எறங்கறவனுக்கு நோய் போவுமே! நோயாளிங்கோ குளத்தாண்ட படுத்துகினு இருந்தாங்கோன்னு படிச்சே. ஒடனே முப்பத்தெட்டு வருசமா கெடந்தவன் வந்துட்டான். நடுவுல தூதன முழுங்கிட்டியே!"

அய்யாசாமி விரல் வைத்துப் பார்த்தார். யோவான், ஐந்தாம் அதிகாரம். மூன்றாம் வசனம் இருந்தது. அதை அடுத்து ஐந்தாம் வசனம் இருந்தது. நான்கைக் காணோம். புத்தகம் அந்த வாரந்தான் பட்டணத்திலிருந்து வந்த புது மொழிபெயர்ப்பு. பசை வாசனைகூடப் போகவில்லை.

"புஸ்தகத்துல இல்லை," என்றார்.

"புஸ்தகத்துல இல்லாத தூதன் என் மண்டையில எப்படிப் பூந்தான்?"

சபை சிரித்தது. இருபத்திரண்டு வருஷமாக அய்யாசாமி அந்த மேசையில் வாசித்துவருகிறார். அவர் வாசிப்புக்குச் சபை சிரித்தது அதுவே முதல் தடவை.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அய்யாசாமியின் சோறே அந்த நல்ல பெயரில்தான் இருந்தது. பூந்தமல்லித் தபால் ஆபீஸ் வராந்தாவில் சாய்வுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கார்டு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். எல்லாம் முறைப்படி. தலைப்பு, நலம், விஷயம், முடிவு என்று கடிதத்துக்கு நான்கு அங்கம். பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒருநாளும் அவர் மீறியதில்லை. சொல்பவர் நாலு வார்த்தை சொன்னாலும் எழுத்து கார்டின் அடிவிளிம்பு வரை வந்து நிற்கும். வெற்றிடம் விட்டால் வழியில் யாராவது எதையாவது சேர்த்துவிடுவார்கள் என்பது அவர் பயம். ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் நோட்டில் ஒரு நகல். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கேட்டார்கள்.

"இன்னொரு வாட்டி படி சாமி. ஏதாச்சும் வுட்டுப்போச்சா?"

வராந்தாவின் மறுமூலையில் இருந்த இன்னொரு கடிதக்காரர் வீரராகவன், காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்: "ஆண்டவன் வார்த்தையிலேயே ஒரு வரி முழுங்கறாங்கோ. நம்ம வார்த்தை எம்மாத்திரம்?"

சாயங்காலம் அய்யாசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குப் போயி இன்னா யோசனை?" என்றாள் அவர் மனைவி சொர்ணம். "நம்ம பழைய வேதத்துல அந்த வசனம் கீதில்ல? அதைப் பாத்துப் புதுசுல ஓரமா எழுதிடறது. உங்க கையெழுத்து அச்சுக்கு இன்னா கொறைச்சல்?"

"வேதத்துல நான் எழுதறதா?"

"நீங்க எங்க எழுதறீங்கோ? வுட்டுப்போனதை வைக்கிறீங்கோ."

வைப்பதற்கும் எழுதுவதற்கும் வித்தியாசம் இருப்பதாக அவருக்கும் பட்டது. சனிக்கிழமை கோயிலைக் கூட்டச் சாவி வாங்கியவர், யோவான் ஐந்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், நான்காம் வசனத்தை வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் போதகரிடம் கேட்டுக்கொண்டு அதே பகுதியை மீண்டும் வாசித்தார். தூதன் இறங்கினான். தண்ணீர் கலங்கியது. துலுக்கானம் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆராதனை முடிந்ததும்தான் வந்தது வினை. போன வாரம் இல்லாத வசனம் இந்த வாரம் எப்படி வந்தது என்று நாலு பேர் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"ஐயோ, மசி! வேதத்துல கை வெச்சிட்டாரு!"

"போன வாரம் முழுங்கினாரு, இந்த வாரம் கக்கிட்டாரு!"

துலுக்கானமே கட்சி மாறிவிட்டார். "தூதன் வோணுந்தான் அண்ணாத்தே. அதுக்காவ நீ அனுப்பக்கூடாது."

போதகர் வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கோபிப்பார் என்று எல்லாரும் காத்திருக்க, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அய்யாசாமி, இது எப்படி நடந்திருக்கும்னு நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். இப்பத்தான் கண்ணால பாக்கறேன்."

"எது ஐயா?"

"அச்சு வர்றதுக்கு முன்னால வேதத்தைக் கையாலதானே பார்த்து எழுதினாங்க. நம்ம பழைய மொழிபெயர்ப்பு பிற்காலத்துக் கைப்பிரதிகளை வெச்சு வந்தது. அதுக்கும் ரொம்ப முந்தின பிரதிகள் பிற்பாடு அகப்பட்டுது. அதுகள்ல இந்த வசனம் இல்லை. எவனோ ஒருத்தன் விளக்கமா ஓரத்துல எழுதியிருப்பான். அடுத்து பார்த்து எழுதினவன், வுட்டுப்போன வரியாக்கும்னு உள்ளே சேர்த்துட்டான். பண்டிதர்கள் அப்படித்தான் நினைக்கிறாங்க."

அய்யாசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இருந்ததைத்தான் வெச்சேன் ஐயா. இல்லாததைச் சேர்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கை நடுங்காதா அவனுக்கு?"

"துணிச்சலா இருக்காது, இரக்கமா இருக்கும். ஒரு மனுஷன் முப்பத்தெட்டு வருஷம் அந்தக் குளத்தங்கரையில எதுக்காகக் காத்துக் கிடந்தான்னு படிக்கறவன் கேப்பானே. காரணமில்லாம அவனைக் கிடக்கவிட மனசு வரலை போலிருக்கு."

அய்யாசாமி இதை ஒப்பவில்லை. "எழுதறவன் எழுதணும். மனசு எதுக்கு?" என்றார்.

அதற்குள் பின்னால் யாரோ ஒருவர் சந்தேகம் கிளப்பிவிட்டார்: "அப்போ எழுதுறவன் கை எந்தக் காலத்துலயும் சும்மா இருக்காதுன்றாரு போதகரு."

எல்லாரும் அய்யாசாமியைப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு திங்கட்கிழமை அவருக்கு முன்பே பூந்தமல்லி போய்ச் சேர்ந்தது.

அன்றே ஓர் அட்டை எழுதித் தூணில் மாட்டினார். "சொன்னது சொன்னபடி. ஓர் எழுத்து கூடாது, ஓர் எழுத்து குறையாது." தலைப்பு, நலம், முடிவு மூன்றையும் விட்டார். விஷயம் மட்டும்; அதுவும் சொல்பவர் வாயிலிருந்து வந்தபடி. கார்டுகளில் பாதி வெள்ளையாக நின்றது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொள்கை கொள்கைதான்.

அந்த அட்டைக்குக் கீழே அன்று முதலில் வந்தவள் கெங்கம்மாள். காட்டுப்பாக்கத்தில் நாற்று நடுகிறவள். புருஷன் வேம்புலி ஆறு வருஷமாகக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு கார்டு போடுவாள். வருகிற பதிலைத் தன் பக்கத்துத் தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள்.

"ஆடு ரெண்டு குட்டி போட்டுது. கூரை ஒழுவுது. அவ்ளோதான்," என்றாள்.

அய்யாசாமி அதை எழுதினார். 'அவ்ளோதான்' என்பதையும் எழுதினார்.

அடுத்து ஐயப்பன்தாங்கல் ஜானகிராமன். திருமுல்லைவாயில் சம்பந்தி உழவுக்கு இரவல் வாங்கிப்போன மாடு திரும்பவில்லை. நாலு நாளைக்கெல்லாம் அவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இன்னாய்யா எழுதி வெச்சிருக்கே? பொண்ண அனுப்பமாட்டேன்றான் அந்த ஆளு!"

அய்யாசாமி அமைதியாக நகல் நோட்டைப் பிரித்துப் படித்தார்: "'அந்த எச்சக்கையால காக்கா ஓட்டாத பயலுக்கு எழுது. மாட்டை அனுப்பச் சொல்லு. மொத வார்த்தைய எழுதிடாதே, சம்பந்தி கோவிச்சுக்குவான்.'"

"எழுதாதேன்னு சொன்னேனே!"

"அதையும் எழுதியிருக்கேனே."

ஜானகிராமன் நேராக வீரராகவனிடம் போய் உட்கார்ந்தார். அன்றைக்கே இன்னும் மூன்று பேர் அந்தப் பக்கம் போனார்கள். உண்மை ஒரு வரிகூட மிச்சமில்லாமல் அய்யாசாமி பக்கம் இருந்தது. ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தார்கள். பத்தாம் நாள் அவருக்கு மசிக்கூட்டைத் திறக்க வேலையில்லை.

அப்போதுதான் கெங்கம்மாள் மறுபடி வந்தாள். முதல் தடவையாகக் கையில் ஒரு பதில் கார்டு.

"தபால்காரரு படிச்சாரு. நீயும் ஒரு வாட்டி படி நைனா."

கோலாரில் யாரோ எழுதிக்கொடுத்த கோணல் எழுத்து. அய்யாசாமி படித்தார்.

"'கெங்கு, ஆறு வருசமா நீ போட்ட ஒவ்வொரு கடுதாசியிலயும் கடைசியில ஒரு வரி இருக்கும். நீங்கள் மாட்டிவைத்த சட்டை அந்த ஆணியிலேயே இருக்கிறது, வேறெதையும் அதில் மாட்டவில்லை என்று. இந்த வாட்டி அது இல்லை. அவ்ளோதான்னு போட்டிருக்கே. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலை. பொங்கலுக்குக் கணக்கைத் தீர்த்துகினு ஒரேயடியா வந்துடலாம்னு இருந்தேன். சட்டை ஆணியில இருக்கா, எடுத்துட்டியா? இருந்தா வர்றேன். இல்லாட்டி இப்படியே இருந்துடறேன்.'"

அய்யாசாமி கார்டைப் பலகைமேல் வைத்தார். நியாயம் பேசினார். "போன கார்டுல நீ சொன்னதுல ஓர் எழுத்து குறையலைம்மா. நோட்டைப் பார்."

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஆறு வருஷம், பதினெட்டுக் கடிதம். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தச் சட்டை வரி, அவருடைய அச்சுக் கையெழுத்தில். முடிவு. நான்காம் அங்கம். வெளியூரிலிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதத்துக்காக அவர் எப்போதோ இயற்றிவைத்து, கை பழகிப்போன முடிவு.

விரல் அந்த வரியின்மேலேயே நின்றது.

"கெங்கம்மா, இது… நீ சொன்னதுதானே?"

கெங்கம்மாள் வீரராகவன் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பலகைக்கு அருகில் குனிந்தாள்.

"நான் எங்க சொன்னேன்? சண்ட போட்டுகினு அது போன அன்னிக்கே சட்டையக் கிழிச்சி அடுப்புத் துணியாக்கிட்டேன். நீ போட்ட மொத கடுதாசிக்கு அழுதுகினு பதில் வந்துச்சே, அதுக்கப்புறந்தான் நைனா நான் ஒரு சட்ட வாங்கி, ஆணியே அடிச்சேன்."