நாலு ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துப் போகவும்

போர்ட் பீரி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் லைலுக்கு, க்ளெம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா வெர்னாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

ரெக்கார்டிங்குக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரே கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி, எது நல்லது என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷமாக டயர் விற்கிறவன் நான், எந்தச் சரக்கையும் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன். இந்த ஒரு சரக்கில் மட்டும் முழு முட்டாளாகிப் போனேன்.

கிளப்பில் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பேண்ட் வாசிக்கும்போது மேடைக்கு நேர் எதிரே முதல் மேஜையில் வெர்னா உட்கார்ந்திருப்பாள், இருபத்திரண்டு வருஷம், இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலில் அவள் நம்பர் விழுந்தால்கூட எழுந்து போகமாட்டாள், அப்படிப்பட்டவள் போன குளிர்காலத்தில் பின்வரிசைக்குப் போனாள், பிறகு சூதாட்ட மெஷின்கள் பக்கம் போனாள், என்மேல் பிரியம் தீர்ந்துவிட்டது, என் வாசிப்பு அவளை எட்டவில்லை என்று நினைத்து, அவள் நகர நகர நானும் நாலு ஸ்பீக்கர் பொருத்திய என் பெட்டியை அவள் பக்கமே திருப்பி வைத்தேன், கடைசியில் வெள்ளிக்கிழமையானால் வீட்டிலேயே உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஆறு பாட்டு ரெக்கார்ட் செய்ய டெஸ்ஸியிடம் போனோம். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் ஷெட்டை ஸ்டுடியோவாக்கி வைத்திருப்பவள். நானும் டிரம்ஸ் வாசிக்கிற புரூனோவும் முதுகு ஒடிய அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால், அவள் ஒரே ஒரு ஸ்பீக்கர் முன்னால் ஒரே ஒரு மைக்கை நிறுத்துகிறாள்.

“ஏம்மா, மத்த மூணும்?”

“அதுங்க சும்மா நிக்கட்டும் க்ளெம். மைக்குக்கு ஒண்ணு போதும்.”

“நாலு டயர மாட்டிட்டு ஒண்ணுலயா வண்டி ஓட்டுவ?”

பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, “இங்க உக்காரு” என்றாள். நான் வைத்த சத்தத் திருகு எதையும் தொடாமல் என் கிட்டாரையே மீட்டினாள். மச்சான், தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“கூரான சத்தம் ஸ்பீக்கர்லேர்ந்து நேராத்தான் போகும். நீ பக்கத்துல நெட்டுக்குத்தலா நிக்கிற, அது உன் முழங்காலுக்குத்தான் கேக்குது. பத்தலன்னு நீ ஏத்துற. எதிர்ல உக்கார்றவங்க காதுல ஆணி இறங்குது” என்றாள் டெஸ்ஸி.

எதிரே யார் உட்கார்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து வெர்னாவிடம் கேட்டேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று.

“சொல்லாம? கொறைன்னு எத்தனை வருஷம் கையாட்டினேன்! நீ பல்ல இளிச்சிட்டு இன்னும் கொஞ்சம் திருகுன.”

பாராட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். அடிலெய்டுக்குக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலது காது போனது போனதுதானாம். இடது காதில் ஓயாத விசில். திரும்ப வராது என்று டாக்டர் சொன்னதை நான்தான் அவளுக்கு மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே மச்சான், பின்பக்கம் திறந்திருக்கிற ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியாக வாங்கு. ரெக்கார்டிங்குக்கு அது போதும். கிளப்பில் மைக் வைத்தால் ஊருக்கே போதும். கடையில் நின்றுகொண்டு கேட்காதே, எதிரே தரையில் உட்கார்ந்து கேள். மேடையில் பீர் பெட்டி மேல் சாய்த்து, உன் மூஞ்சிக்கு நேராக வை. நானும் அப்படி ஒன்று வாங்கிவிட்டேன். என் பழைய நாலு ஸ்பீக்கர் பெட்டியை அடுத்த மாதம் முதல் ஞாயிறு லாரியோடு வந்து எடுத்துப் போ. காசு வேண்டாம், என் கண்ணில் படாமல் போனால் சரி.

உன் வீட்டில் எல்லோருடைய காதும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
க்ளெம்

பி.கு. சனிக்கிழமை: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெர்னாவும் வந்தாள், பழைய முதல் மேஜைக்கே. புதுப் பெட்டியில் பூ மாதிரி வாசித்தேன். இரண்டாவது பாட்டில் கையாட்டினாள். உடனே குறைத்தேன். மறுபடி ஆட்டினாள், இன்னும் குறைத்தேன். மூன்றாவது தடவை எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள்.

“ஒண்ணுமே கேக்கல க்ளெம். அந்தப் பழைய பெட்டியவே கொண்டாந்து வையேன்.”

லாரியோடு வராதே.